குதிரையை மறைத்து வைத்த மூன்று நாட்கள்

எங்கள் நெடுந்தீவில் காட்டு மிருகங்களுக்கு ஒரு பூங்கா வரப்போகிறது என்று சொல்வதற்காக ஒரு கூட்டம் வைத்தார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில். நானும் போனேன். கடைசி வாங்குப் பலகையில், தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். கூட்டம் என்றால் எனக்கு அதுதான் இடம். முன்னுக்கு இருந்தால் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஐந்தாம் வகுப்போடு நான் படிப்பை விட்டதற்கு அந்தப் பயமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காட்டு மிருகங்களைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். மன்னார்ப் பக்கத்து மனிதர் ஒருவர்தான் பேசினார். கொஞ்சம் தடித்த ஆள், லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார். தீவின் தென்பக்கத்துப் புல்வெளி முழுவதும் இனிப் பூங்கா என்றார். எல்லைக்கல் நடுவோம், குதிரைகளை எண்ணிப் பதிவோம், பார்க்க வருகிறவர்கள் சீட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள், ஊருக்கும் நாலு காசு வருமானம் வரும் என்றார். ஆடு மாடு மேய்ப்பதைப் பற்றி ஆண்கள் எழும்பி நின்று சத்தம் போட்டார்கள். அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. குதிரைகளை எங்கே அடைப்பீர்கள்? வாயைத் திறந்து அதைக் கேட்டிருந்தால் பிறகு நடந்த ஒன்றும் நடந்திராது. நான் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு இருந்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெளியூர் ஆட்களுக்கு இந்தக் குதிரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டையான குதிரைகள். பறங்கியர் கொண்டுவந்தவை என்பார் சிலர், ஒல்லாந்தர் என்பார் வேறு சிலர். அவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் நின்றுவிட்டன. கட்டுவாரும் இல்லை, தீனி போடுவாரும் இல்லை. வெளியிலே மேயும், வெளியிலே குட்டி போடும். மாரியில் பிரச்சினை இல்லை. ஆடி ஆவணியில்தான் பாடு. புல் கருகி, குளம் வெடித்து, கிணறுகளெல்லாம் உப்பாகிவிடும். எங்கள் வீட்டு வளவுக் கிணறு நல்ல தண்ணீர். அது வற்றியதை நான் கண்டதில்லை. மதிலுக்கு வெளியே ஒரு கல்தொட்டி இருக்கிறது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து கோடை முழுவதும் அதை நிரப்புவது என் வேலை. மத்தியானத்தில் குதிரைகள் வந்து குடித்துவிட்டுப் போகும். நான் அவற்றைத் தடவியதும் இல்லை, கூப்பிட்டதும் இல்லை. கிணற்றடியில் நின்று பார்ப்பேன், அவ்வளவுதான்.

பூங்கா என்றதும் எனக்குப் பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. என் அப்பாவுக்குக் கொழும்பில் கடை இருந்தது. எனக்கு எட்டு வயதாயிருக்கும்போது ஒரு பள்ளி விடுமுறைக்கு அம்மாவையும் என்னையும் ரயிலில் வரச் சொன்னார். அங்கே மிருகக் காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போனார். வாசலில் சீட்டு எடுத்தது, ஐஸ்பழம் வாங்கித் தந்தது, சிங்கம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது, எல்லாம் நினைவிருக்கிறது. பிறகு வரிக்குதிரையிடம் வந்தோம். மேனி மினுங்கியது. புல்லும் தண்ணீரும் தாராளமாகக் கிடந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. அது சுவரோரமாக மூலை வரைக்கும் நடந்தது, திரும்பி மற்ற மூலை வரைக்கும் நடந்தது, மறுபடி திரும்பியது. அது நடந்த இடத்தில் மட்டும் புல் இல்லாமல் மண் வெள்ளையாகத் தெரிந்தது. "வா பிள்ளை, குரங்கு பாப்பம்" என்று அப்பா கையைப் பிடித்து இழுத்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனேன்.

சீட்டு எடுத்துப் பார்க்கிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். கூட்டத்தில் அந்த மனிதர் சீட்டு என்று சொன்ன உடனே என் மனம் அந்தச் சுவருக்குப் போய்விட்டது. எங்கள் குதிரைகளையும் பிடிக்கப்போகிறார்கள் என்று தீர்மானித்துவிட்டேன்.

அந்தக் கோடையில் ஒரு தாய்க்குதிரை குட்டியோடு வந்துகொண்டிருந்தது. மண்ணிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. குட்டிக்கும் அதே சுட்டி. குட்டி பிறந்து ஒரு மாதம்கூட இருக்காது. தொட்டி அதற்கு எட்டாது. தாய் குடிக்கும்போது தாயின் வாயிலிருந்து ஒழுகுகிற தண்ணீரை நக்கும். அதைப் பார்க்கத்தான் நான் மத்தியானச் சமையலைக் கெதியாக முடிப்பேன்.

குதிரைகளை எண்ணுவதற்குப் புதன்கிழமை வருகிறார்கள் என்ற கதை வந்தது. கூட்டம் நடந்த அன்று மாலையே நான் என் கணவரிடம் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, அந்தத் தாயையும் குட்டியையும் மட்டும் நாங்கள் மறைச்சு வைப்பமோ?"

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். நாற்பத்தைந்து வருடத்தில் நான் அவரிடம் இப்படி ஒன்றும் கேட்டதில்லை.

"குதிரையை மறைக்கிறதோ? அது என்ன, கோழிக்குஞ்சே, கடகத்தால மூட?"

"பெரியண்ணையின்ரை வளவு சும்மாதானே கிடக்கு. மதிலும் உயரம்."

பெரியண்ணை என்றது அவருடைய தமையனை. குடும்பத்தோடு கனடாவில். கூரை போன வீடும் ஆள் உயர மதிலும் மட்டும் எங்களுக்குப் பின்பக்கத்தில் நிற்கின்றன.

"கண்டுபிடிச்சா மறியல்வீட்டிலை அடைப்பாங்கள், தெரியுமோ?"

"தெரியும்."

"மறியலுக்குப் போறதெண்டா நீரும் வாரும். எனக்குத் தேத்தண்ணி ஊத்த ஆள் வேணும்" என்றார். சம்மதம் என்று அர்த்தம்.

எங்கள் தீவில் ஓலை வேலி குறைவு. கடலடியில் விளைந்த முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்தான் எல்லா வளவுக்கும். சாந்தும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. வண்டியோ மாடோ உள்ளே போக வேண்டுமென்றால் மதிலைப் பிரிப்போம். மேல்கல்லை முதலில் எடுத்து நிலத்தில் வைத்து, அதற்குப் பக்கத்தில் அடுத்த கல், அதற்குப் பக்கத்தில் அடுத்த கல் என்று வரிசையாகப் பரப்புவோம். அடுக்கும்போது கடைசியில் எடுத்த கல் முதலில் போகும். இந்த வரிசை குழம்பினால் மதில் நிற்காது. ஒரு கல்லின் பள்ளத்தில் மற்றக் கல்லின் மேடு இருக்கவேண்டும். என் கணவர் இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர். அவர் பரப்பிய கல்லைத் தாண்டி நடந்தாலே ஏசுவார்.

திங்கட்கிழமை விடிய ஒரு குதிரை புகுமளவுக்குப் பெரியண்ணையின் வளவு மதிலைப் பிரித்தார். நான் உள்ளே ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். வெளித்தொட்டியைக் காயவிட்டேன். மத்தியானம் தாய்க்குதிரை வந்தது, வெறும் தொட்டியை முகர்ந்தது, தலையைத் தூக்கிக் காற்றை இழுத்தது. பிறகு தண்ணீர் வாசனைக்குப் பிரித்த இடத்தால் உள்ளே போனது. குட்டி பின்னால் ஓடியது. என் கணவர் கல்லை அடுக்கத் தொடங்கினார். கடைசிக் கல்லை வைத்துவிட்டுக் கையைத் தட்டினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தேன்.

அன்று மாலையே என் எண்ணம் ஆட்டம் கண்டது. தாய் தண்ணீரைக் குடித்தது, ஆனால் நான் வெட்டிப் போட்ட பூவரசங்குழையில் வாய் வைக்கவில்லை. அயலெல்லாம் அலைந்து ஒரு கட்டுக் காய்ந்த புல்லும் கொண்டுவந்து போட்டேன். அதையும் மிதித்துக்கொண்டு மதிலோரமாக நடந்தது. மூலை வரைக்கும் போய்த் திரும்பியது. குட்டி அதன் பின்னால் ஓடி ஓடிக் களைத்தது. செவ்வாய்க்கிழமை காலையில் மதிலேறி எட்டிப் பார்த்தேன். மதிலோரம் நீளத்துக்கு மணல் உழுதுபோட்டதுபோல ஒரு தடம் விழுந்திருந்தது. அந்தத் தடம் எனக்குத் தெரிந்த தடம். கொழும்பில் அதைச் செய்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. இங்கே செய்தது நான்.

அப்போதே மதிலைப் பிரித்திருக்கலாம்தான். ஆனால் பிரித்தால் நாளைக்கு எண்ண வருகிறவர்களின் கையில் அகப்படும். பிரிக்காவிட்டால் இங்கேயே நடந்து சாகும். இரண்டில் எது குறைந்த கேடு என்று எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. புதன்கிழமை வரைக்கும்தானே, எண்ணி முடியும் வரைக்கும்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதற்குள் அந்தக் குதிரைக் கூட்டத்தின் ஆண்குதிரை தேடிக்கொண்டு வந்துவிட்டது. மதிலுக்கு வெளியே நின்று கனைக்கும். உள்ளேயிருந்து தாய் பதிலுக்குக் கனைக்கும். என் கணவர் குடையை விரித்துக்கொண்டு அதைத் துரத்தப் போனார். அது நாலடி தள்ளிப்போய் நின்று அவரைப் பார்த்தது. அவர் திரும்பியதும் அதுவும் திரும்பி வந்தது.

அடுத்த வளவில் இருக்கும் மச்சாள் இந்தச் சத்தத்துக்கு வந்துவிட்டாள். என் கணவரின் தங்கை; எனக்கு அவள் மச்சாள், அவளுக்கு நான் மச்சாள். கைம்பெண். வாய் கொஞ்சம் பெரிது, மனமும் பெரிது. மதிலால் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, உதென்ன உள்ளுக்கு?"

"சத்தம் போடாதை. உன்ரை அண்ணியின்ரை வேலை."

"மச்சாளோ? பேசாமடந்தை பாத்த வேலையோ இது?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். "குதிரையை மறைச்சுப் போட்டியள், சரி. கனைப்பை எங்கை கொண்டுபோய் மறைக்கப் போறியள்?"

என் கணவர் குடையை எடுத்துக்கொண்டு மறுபடி ஆண்குதிரையிடம் போனார்.

புதன்கிழமை காலையில் குட்டி எழும்பவில்லை. பக்கவாட்டில் படுத்திருந்தது. தாய்க்குப் பால் வற்றியிருக்கும். தின்னாமல் நடந்தால் எங்கே பால் வரும்? நான் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டு கிட்டப் போனேன். தாய் காதை மடக்கிப் பல்லைக் காட்டியது. மதிலேறி வந்துவிட்டேன். குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினேன். எதற்கு மூட்டினேன் என்று தெரியாமல் நின்றேன்.

பத்து மணியளவில் வாசல் படலையில் ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கூட்டத்தில் பேசிய மன்னார்க்காரர். அவரோடு இன்னும் இரண்டு பேர், கையில் கொப்பியும் தூரக்கண்ணாடியும்.

"ஐயா, இஞ்சைதான் நல்ல தண்ணி எண்டு சொன்னவை. கொஞ்சம் குடிக்கலாமோ?"

"ஓம் ஓம், வாருங்கோ, இருங்கோ" என்று என் கணவர் கதிரைகளை இழுத்துப் போட்டார். அவருடைய குரல் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவு நிலையோடு நின்றேன். மச்சாளும் வந்து திண்ணைக் குந்தில் இருந்துகொண்டாள். அவள் இதை விட்டுவிட்டு வீட்டில் இருப்பாளா?

மன்னார்க்காரர் அண்ணாந்து ஒரு செம்பு குடித்தார். "தேன் மாதிரி" என்றார். பிறகு கொப்பியைத் திறந்தார். "ஐயா, இந்தப் பக்கத்துக் கூட்டத்தில ஒரு தாயும் குட்டியும் குறையுது. போன கிழமை நான் கண்டனான். நீங்கள் எங்கையாவது கண்டியளோ?"

"நானோ? எனக்குக் கண் சரியாத் தெரியாது."

"நெத்தியில வெள்ளையோடை."

"வெள்ளையோ? இல்லை இல்லை. வெள்ளைக் குதிரை இந்தப் பக்கம் வாறதில்லை."

மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். அந்த நேரம் பார்த்து வெளியே நின்ற ஆண்குதிரை கனைத்தது. பின்வளவுக்குள்ளிருந்து தாய் கனைத்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பின்பக்கம் திரும்பினார்கள்.

"அங்காலை ஆரின்ரை வளவு?"

"அது என்ரை தமையன்ரை. அவர் கனடாவில."

"கனடாவில இருக்கிறவரின்ரை வளவில குதிரை நிக்குதோ?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? அவரைத்தான் கேக்கவேணும்" என்றார் என் கணவர்.

வேறொரு நாளாயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். எனக்கு அந்தப் பதில் பாதிதான் கேட்டது. தாயின் கனைப்புக்குப் பிறகு குட்டியின் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். முதல் இரண்டு நாளும் வந்தது. இன்றைக்கு வரவில்லை.

எப்படி நடந்தது என்று எனக்கே தெரியாது. கதவு நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர்கள் நடுவே வந்து நின்றேன்.

"ஐயா, குட்டி சாகப்போகுது. நான்தான் அடைச்சு வைச்சனான். என்னை என்னவும் செய்யுங்கோ. முதல் குட்டியைப் பாருங்கோ."

ஊமை வாய் திறந்ததுபோல என் கணவரும் மச்சாளும் என்னைப் பார்த்தார்கள். மன்னார்க்காரர் கொப்பியைக் கதிரையில் போட்டுவிட்டு எழும்பினார்.

மதிலால் எட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார்.

"திங்கள் மத்தியானம் தொடக்கம்."

"கல்லைப் பிரியுங்கோ. கெதியா. சத்தம் போடாமல்."

என் கணவர் மேல்கல்லை எடுத்தார். நிலத்தில் வைத்தார். அடுத்ததை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். கூட வந்த இருவரில் ஒருவர் ஒரு கல்லைத் தூக்கித் தள்ளி வைக்க, "தம்பி, அதை அதிலை வையாதையும். அது நாலாம் கல்லு. இஞ்சாலை வையும்" என்றார் என் கணவர்.

"ஐயா, நேரமில்லை."

"நேரமில்லையெண்டு வரிசையைக் குழப்பினா, பேந்து ஆர் இதை அடுக்கிறது? நீரோ?"

நான் என் கணவரை விலக்கிவிட்டு மதிலின் கல்லை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கல் கல்லாக எடுத்து அங்கும் இங்கும் எறிந்தேன். "வரிசையும் மண்ணாங்கட்டியும்! குட்டி செத்தாப் பிறகு உந்த வரிசையை வைச்சு என்ன செய்யப் போறியள்?" என்று கத்தினேன். சத்தம் போடக்கூடாது என்று சொன்னதையும் மறந்துவிட்டேன். என் பெருவிரல் நகம் கிழிந்து இரத்தம் வந்தது பிறகுதான் தெரிந்தது. மச்சாளும் வந்து எறியத் தொடங்கினாள். என் கணவர் ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு அவரும் எறிந்தார்.

மதில் முழங்கால் உயரத்துக்கு வந்ததும் மன்னார்க்காரர் எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். கிணற்றடியில் போய் நின்றோம். தாய் வெளியே வந்தது. கற்களை மிதித்து இடறி, வெளியே நின்ற ஆண்குதிரையிடம் போனது. இரண்டும் கழுத்தைக் கழுத்தோடு வைத்துக்கொண்டன. குட்டி வரவில்லை.

"நான் போய்த் தூக்கிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டேன்.

"தொடாதையுங்கோ அம்மா. பொறுங்கோ."

பொறுத்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் தலையில் இறங்கியது. தாய் நாலடி போகும், திரும்பிப் பார்க்கும். பிறகு மதிலுக்குள்ளே மறுபடி போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மச்சாள் என் கையைப் பிடித்திருந்தாள்.

"மச்சாள், கண்ணைத் திறவும்" என்றாள்.

குட்டி நின்றது. நாலு காலும் நாலு திசையில் விரிந்து, விழுந்துவிடும்போல. தாய் மூக்கால் அதன் பின்பக்கத்தைத் தள்ளியது. ஒரு அடி. இன்னொரு அடி. கல்லில் ஏற முடியாமல் நின்றது. தாய் மறுபடி தள்ளியது. வெளியே வந்துவிட்டது. வந்த இடத்திலேயே தாயின் வயிற்றின் கீழ் தலையை நுழைத்து முட்டியது. பால் இருந்ததோ இல்லையோ, வால் ஆடியது.

நான் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன்.

மன்னார்க்காரர் வெளித்தொட்டியை நிரப்பச் சொன்னார். கூட வந்தவர்கள் தண்ணீர் அள்ளி ஊற்றினார்கள். குதிரைகள் குடித்துவிட்டு, வழியில் கிடந்த காய்ந்த புல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகப் புல்வெளிப் பக்கம் போயின. குட்டி இரண்டுக்கும் நடுவே போனது. அவை கண்ணுக்கு மறையுமட்டும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகுதான் எனக்கு மறியல் நினைவு வந்தது. எழும்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏனம்மா அடைச்சனீங்கள்?" என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

நான் சொன்னேன். கொழும்பு, சீட்டு, வரிக்குதிரை எல்லாம். அவ்வளவு நீளமாக ஒரு அந்நிய மனிதரிடம் நான் பேசியதே இல்லை. அவர் சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

"நீங்கள் நினைச்சதில பிழையில்லை" என்றார். "தொடக்கத்தில எல்லா இடமும் அப்பிடித்தான். முதல் ராசாமார் தங்களுக்கு வடிவு பாக்கவெண்டு மிருகங்களைப் பிடிச்சு வைச்சினம்."

"அவைக்குப் பொழுது போகேல்லை" என்றார் என் கணவர். மறியல் பயத்திலும் அவருக்கு வாய் அடங்காது.

"ஓம் ஐயா. பிறகுதான் ஊர்ச்சனத்துக்கும் சீட்டு வைச்சுத் திறந்தது. கொழும்பில நீங்கள் பாத்ததும் முதல் ஒரு வெள்ளைக்காரன், பிடிச்ச மிருகங்களைக் கப்பலில ஏத்துமட்டும் கட்டி வைக்கிற இடமாத்தான் தொடங்கினதாம். அவரின்ரை ஏவாரம் படுத்தாப் பிறகு அரசாங்கம் எடுத்தது. இருக்கிற இடத்தில மிருகத்தை விட்டுட்டு நாங்கள் தள்ளி நிப்பம் எண்டு யோசிக்கக் கனகாலம் எடுத்தது. அதிலயும் முதல் ஒதுக்கின காடுகள் துரைமார் வேட்டையாடவெண்டு வைச்சவைதான்."

"அப்ப சுடுறதுக்கெண்டு வைச்சது பேந்து பாக்கிறதுக்கெண்டு மாறினதோ?" என்று மச்சாள் கேட்டாள்.

"ஓம் அக்கா, அப்பிடியும் சொல்லலாம்."

"துரைமாருக்குக் கண் மங்கியிருக்கும்."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இஞ்சை கூடு கட்டுறேல்லை அம்மா. வேலியும் இல்லை. வேலி போடுறதெண்டா உங்களுக்குத்தான் போடவேணும்போலை கிடக்கு" என்று அவர் சொல்லிவிட்டு, கொப்பியை எடுத்து எழுதினார். "தாய் ஒண்டு. குட்டி ஒண்டு. இப்ப கணக்குச் சரி."

"அப்ப என்ரை பேர்?" என்று கேட்டேன்.

"இதில குதிரைக்கு மட்டும்தான் இடம் இருக்கு."

அவர் எழும்பும்போது வெளித்தொட்டியைக் காட்டி, "கோடைக்கு இதை நிரப்புறது நீங்களோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். எத்தனை வருடமாக என்று கேட்டார். சொன்னேன். "நாங்கள் இனிமேல்தான் பவுசர் லொறியில தண்ணி கொண்டுவந்து வெளியில வைக்கப் போறம். அதுவரைக்கும் இதை விட்டிடாதையுங்கோ" என்றார். நான் தலையாட்டினேன். மூன்று தேத்தண்ணி ஊற்றினேன், நாலாவதாக என் கணவருக்கும். அவர்கள் குடித்துவிட்டு வெயிலில் நடந்து போனார்கள்.

அவர்கள் போனதும் நான் பாய்கூடப் போடாமல் குசினித் தரையில் படுத்துவிட்டேன். மூன்று நாளும் சரியான நித்திரை இல்லை. அடுப்பில் எதுவும் இல்லை, வளவு கூட்டவில்லை, விரலுக்கு மஞ்சள் வைக்கவில்லை. பகலில் நான் நித்திரை கொண்டது என் பிள்ளைகள் பிறந்தபோதுதான். பொழுது சாயும்போது எழும்பினேன். வெளியே டொக் டொக் என்று கல் சத்தம். என் கணவர் ஒவ்வொரு கல்லாகத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதுவோ, இல்லையோ என்று பொருத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஏசுவார் என்று நினைத்தேன்.

"எழும்பீட்டீரோ?" என்றார். "தேத்தண்ணி போத்தலில கிடக்கு. உம்மடை மச்சாள் ஊத்தி வைச்சவள்."

அந்த மதிலைக் கட்டி முடிக்க அவருக்குப் பன்னிரண்டு நாள் எடுத்தது. ஒரு வாரத்தில் ஒரு பக்கம் சரிந்தது. மறுபடி கட்டினார். ஒரு சொல் ஏசவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. வெளி முழுவதும் பச்சை. தொட்டி மழைத்தண்ணீரில் நிரம்பி வழிந்தது, குதிரைகள் இந்தப் பக்கமே வரவில்லை. கார்த்திகை முடிவில் ஒரு நாள் மச்சாளும் நானும் எல்லைக்கல் வரைக்கும் நடந்து போனோம். கல்லுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அங்கேயே நின்றோம். வெளியில் இருபது முப்பது குதிரைகள் மேய்ந்தன. எல்லாம் கொழுத்து மினுங்கின. குட்டிகள் மழைத்தண்ணீரில் துள்ளி ஓடின. நெற்றிச் சுட்டியோடு மூன்று குட்டிகள் தெரிந்தன.

"எது மச்சாள், உம்மடை ஆள்?" என்று அவள் கேட்டாள்.

நான் கையைப் புருவத்தில் வைத்து நல்லாகப் பார்த்தேன். ஒன்று போலவே மற்றதும் இருந்தது. ஒன்று தாயைச் சுற்றி ஓடியது, ஒன்று புல்லைக் கடித்தது, ஒன்று எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"தெரியேல்லை" என்றேன்.

அப்படிச் சொன்னபோது நெஞ்சில் இருந்த கடைசிப் பாரமும் இறங்கியது. மழை தூறத் தொடங்கியது. இருவரும் தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.